இருட்டில் நின்று கத்துகிறவன்

கோபக்காரிக்கு,

கஞ்சி அடுப்பில் மூடியிருக்கிறது, சூடு பண்ணிக் குடி. மாத்திரையை மறக்காதே.

நேற்று நீ சாமி கும்பிட்டபோது, “நம்ம குழந்தைய ஏன் எடுத்துக்கிட்டார்னு அவர் சொல்லட்டும், அப்புறம் கும்பிடறேன்” என்று கத்தினேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாய்.

எலக்ட்ரீஷியன் பொண்டாட்டி, உனக்குத் தெரியாததா? நான் மெயினை ஆஃப் பண்ணினால் மாடி மாடியாக, “ஏன்யா நிறுத்தினே?” என்று திட்டு விழும். வயரில் கை வைத்துக்கொண்டு யாருக்கு விளக்கம் சொல்வது? இப்போது இருட்டில் நின்று கத்துகிறவன் நான். காரணம் புரியவில்லை, கோபமும் போகவில்லை. அவர் கையும் ஏதோ வேலையில் இருக்கும் என்று வாயை மூடிக்கொள்ளப் பார்க்கிறேன்.

சொல்ல மறந்துவிட்டேன்: இன்றைக்கு எனக்கும் சேர்த்து நீயே கும்பிட்டுவிடாதே. வேலை முடிந்ததும் ஓடி வந்துவிடுவேன். பக்கத்தில் கொஞ்சம் இடம் விடு.