மச்சான் சுற்றிய கறுப்பு டேப்

பிரியமான செல்வி அக்காவுக்கு,

நேற்று காலை உன் மகள் கவிதாவுக்கு மைசூரில் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. நன்றாக இருக்கிறாள். உனக்குக் குடல் ஆபரேஷன் செய்த அதே ஆஸ்பத்திரிதான். கட்டிலருகே அதே மாதிரிப் பெட்டி. விரலில் ஒரு கிளிப், அதிலிருந்து ஓர் ஒயர், பெட்டியில் சிவப்பு எண்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் அந்தப் பெட்டி உனக்கு நினைவிருக்கிறதா? அன்று நீ பாதி மயக்கத்தில் இருந்தாய். நடந்ததை நாங்கள்தான் பிறகு சொன்னோம்.

உன் விரலில் கிளிப் நிற்கவே இல்லை. நழுவும், எண் மறையும், பெட்டி கத்தும். நஞ்சன்கூடு பேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்த மச்சான் அதை எப்படிப் பார்ப்பார்? "லூஸ் கான்டாக்ட் மாப்ளே" என்றார். சட்டைப்பையிலிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, கிளிப்பையும் விரலையும் சேர்த்து இறுக்கிச் சுற்றினார். எண் திரும்பி வந்து நின்றது. குளிராமலிருக்க உன் கையைப் போர்வைக்குள் வைத்தார்.

மதியத்துக்கு மேல் எண் இறங்கியது. தொண்ணூறு, எண்பத்தைந்து, எண்பது. டாக்டர் ஆக்சிஜனைக் கூட்டியும் ஏறவில்லை. தொண்டையில் குழாய் இறக்க வேண்டியிருக்கும் என்றார். மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது உள்ளே வந்த நர்ஸ் உன் முகத்தைப் பார்த்தார். உதடு நீலம் பாரிக்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. போர்வையை விலக்கியதும் கன்னடமும் தமிழுமாகக் கத்தினார்.

"ஏன் ரீ இது! விரலா, ஒயரா? யாரு சுத்தினது?"

"நாந்தானுங்க சிஸ்டர். நழுவுதேன்னு…"

"விரலுக்கு ரத்தமே போகல. அப்புறம் மிஷின் எதைப் பாத்து சொல்லும்?"

டேப்பை வெட்டி எடுத்து, கிளிப்பை மறு கையில் மாட்டியதும் தொண்ணூற்றாறு. குழாய்க்கு வேலையில்லாமல் போயிற்று. கட்டியிருந்த விரலில் கொப்புளம். பிறகு நகம் கறுத்து விழுந்தது. "பொண்டாட்டிக்கும் சுச்சு போர்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாய். மச்சான் மட்டும் சிரிக்க மாட்டார். அவர் மனம் லேசாகட்டும் என்றுதான் அப்படிச் சொன்னாயா? கேட்காமலே இருந்துவிட்டேன். சில வருடம் கழித்து நீ வேறொரு நோயில் போய்விட்டாய்.

நேற்று மதியம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கொள்ளேகாலம் வீட்டுக்குப் பேசிவிட்டு மேலே வந்தேன். கவிதாவின் பெட்டி கத்திக்கொண்டிருந்தது. எண்பத்திரண்டு. மச்சான் எழுந்தார். அவர் பார்த்தது பெட்டியை அல்ல, மகளின் உதட்டை. பிறகு, மார்பு ஏறி இறங்குவதை.

"கண்ணு, மூச்சு நல்லா வருதா?"

"வருதுப்பா. ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

உடனே நர்ஸைக் கூப்பிட்டார். கிளிப் இருந்த கையிலேயே ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையும் கட்டியிருந்தது. அது ஊதி இறுகும்போதெல்லாம் விரலுக்கு ரத்தம் குறைந்தது. நர்ஸ் கவிதாவின் நாடியையும் மூச்சையும் பார்த்துவிட்டு, கிளிப்பை மறு கைக்கு மாற்றினார். தொண்ணூற்றேழு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை விரலை மாற்றித் தோலைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

மச்சான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார். "நான் தொடமாட்டனுங்க. ஆனா ஞாபகப்படுத்துவனுங்க."

"அப்பா, சட்டைப்பையக் காட்டுங்க" என்றாள் கவிதா.

வெளியே இழுத்துக் காட்டினார். காலி. அந்தக் கதைக்கு அவர் சிரித்ததை நேற்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், அக்கா.

அவள் வீடு திரும்பும்வரை நானும் அவரும் மாறி மாறி உட்காருவோம். பெட்டி கத்தினால் முதலில் உன் மகளின் முகத்தைப் பார்ப்போம். அடுத்து நர்ஸைக் கூப்பிடுவோம். கிளிப்பில் எங்கள் கை படாது.

உன் தம்பி,
மச்சானுக்கு இன்றும் மாப்பிள்ளையான
ராசு