ஜெர்மன் வலம்புரி

இன்று காலை என் மேசைக்கு இன்னொரு பழைய ஜெர்மன் புத்தகம் வந்தது. திறந்ததும் அதே பழந்தாள் மணம். உள்ளே ஒரு நண்டு. காலில் உள்ள மயிரைக்கூட விடாமல் செதுக்கி அச்சிட்டிருக்கிறான் மனிசன். உமக்கு அனுப்பக் கைபேசியை எடுத்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, கூட்டாளி, நீர் கண்ணை மூடி எட்டு மாதம்.

சென்ட்-ஆன் பல்கலைக்கழக வளாகத்து நூலகத்தில் பழைய புத்தகங்களைப் படமெடுப்பது என் வேலை. "சம்பளமும் குடுத்துப் படமும் பாக்க விடுறாங்கள்" என்று உம்முடைய லாசால் பகுதி முழுக்கச் சொல்லித் திரிந்தவர் நீர். ஆனாலும் நான் அனுப்பும் படத்துக்கு உம்முடைய நக்கல் வராவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

உமக்கு இதய ஒப்பரேசனுக்கு நாள் குறித்த கிழமைதான் இப்படியொரு ஜெர்மன் புத்தகத்துச் சங்குப் படம் என் கையில் அகப்பட்டது. வலம்புரி, அசல் வலம்புரி; பக்கத்தில் ஒரு நத்தை. நல்ல தாளில் பிரதி எடுத்து, சட்டம் போட்டு, பனிக்குள் இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்து தந்தேன். "இனிப் பயமில்லை" என்றேன். நீர் அதை வாங்கி, சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தீர்.

மூன்றாம் நாள், கூட வேலை செய்யும் பிரெஞ்சுப் பெண்ணிடம் அந்தப் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். அவள் சிரித்தாள். செப்புத் தகட்டில் கண்டபடியே செதுக்கினால் அச்சில் இடம் வலமாகிவிடுமாம். திருப்பிச் செதுக்க நினையாதவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேராம். அப்படியென்றால் நான் தந்தது செத்தவீட்டில் ஊதுகிற சாதாரணச் சங்கு. நெஞ்சைத் திறக்கப் போகிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? ஒப்பரேசன் முடியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீர் வீடு திரும்பிய பிறகு மெல்லச் சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றீர். "பக்கத்திலை கீறியிருந்த நத்தையும் வலம்புரியாத்தானே கிடந்தது. நத்தையிலை ஆர் வலம்புரி கண்டது?"

"தெரிஞ்சுகொண்டோ சாமியறையிலை வைச்சனீர்?"

"ஒப்பரேசன் எனக்கு, நடுக்கம் உமக்கு. நீர் நித்திரை கொள்ளட்டும் எண்டு வைச்சனான்."

உம்மைத் தேற்றியது நான் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. உம்மில் எனக்கு இருந்த அன்பு அன்றைக்கு இரண்டு மடங்காயிற்று.

அதன் பிறகு நான்கு வருடம் இருந்தீர். செத்தவீட்டில் உம்முடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா நோவில்லாமத்தான் போனவர், மாமா," என்றாள். நீர் போவதற்கு முதல் நாள் பின்னேரம் நான் ஆஸ்பத்திரிக்கு வந்து, நீர் பட்ட பாட்டைக் கண்டது அவளுக்குத் தெரியாது.

"ஓம் பிள்ளை," என்றேன். "அதுதான் எனக்கும் பெரிய ஆறுதல்."