கூடப் பிறந்தவர்: இல்லை

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், நலம் என்று நீ சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன். தினம் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ பயப்படாதேம்மா என்று சொல்லி முடித்துவிடுகிறாய். சொன்னால் போகிற பயமா இது. அதனால்தான் மருந்துக்கடையில் ஆள் வராத மத்தியான நேரத்தில், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, இருமல் மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த பேடில் எழுதுகிறேன். இதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன், நீ நடுவில் பேச முடியாது பார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை உங்கள் இரண்டு பேரையும் விசா ஆபீஸில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படிக்கப் போன பெண்ணாக இருந்தவரை உன் விசாவைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை, பரீட்சை எழுதினாய், பாஸ் செய்தாய், அவர்களும் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். இப்போது படிப்பு முடிந்துவிட்டது, மாணவி விசாவும் முடியப்போகிறது, அந்த நாட்டுக்காரரின் மனைவி என்று மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாய். மனைவிதான் என்பதற்கு எந்தப் பரீட்சையை எழுதுவது. தனித்தனி அறையில் உட்காரவைத்து இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்களாம், பதில் ஒத்துப்போகாவிட்டால் விசாவுக்காகச் செய்துகொண்ட கல்யாணம் என்று எழுதிவிடுவார்களாம். எதிரே பல் டாக்டரிடம் வேலை செய்கிற பெண் சொன்னாள், அவள் நாத்தனார் மகளை அப்படித்தான் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நாத்தனார் மகளா, நாத்தனாரின் சிநேகிதி மகளா என்று நான் துருவிக் கேட்டதும் அவளுக்கே தெரியவில்லை. இருந்தாலும் பிடித்த பயம் விடவில்லை. உன் அப்பா, உண்மையான கல்யாணத்துக்கு என்ன பயம் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்கிறார், சொல்லிவிட்டுச் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போகிறார்.

ஆனால் என் பயம் அந்தப் பெண் சொன்னதால் மட்டும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போயிருந்தபோது மாப்பிள்ளை போனை எடுத்தார். நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மனுஷர் இல்லையா, நீ கற்றுக்கொடுத்த தமிழில் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்தி, அத்தை நான் ரெடி, எல்லாம் மனப்பாடம் என்றார். என்ன மனப்பாடம் என்று கேட்டேன். உன் குடும்பம் முழுக்க ஒப்பித்தார். என் மனைவிக்கு இரண்டு அம்மா, ஒன்று பெரிய அம்மா, ஒன்று சாதா அம்மா, ஒரு அண்ணன், லிஃப்ட் மெக்கானிக் என்றார். சாதா அம்மா என்றதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனை வைத்த பிறகுதான் விண்ணப்பத்தில் போட்டது ஞாபகம் வந்தது.

நீ அந்த விண்ணப்பத்தை நிரப்பிய அன்று, கூடப் பிறந்தவர்கள் என்ற இடத்தில் என்னம்மா போடுறது என்று கேட்டாய். நான் துணி மடித்துக்கொண்டே, நீ ஒத்தப் பிள்ளைதானேடி, இல்லைன்னு போடு என்றேன். அது சரிதான், நீ அண்ணன் என்று கூப்பிடுகிறவன் என் அக்கா மகன், நான் பெற்றவனில்லை. ஆனால் மாப்பிள்ளை உள்ளே போய் ஒரு அண்ணன் உண்டு என்று சொன்னால் என்ன ஆகும். அதுமட்டுமா, உங்கள் பதிவுக் கல்யாண வீடியோவையும் சாட்சிக்குக் கொடுத்திருக்கிறீர்களே. நாங்கள் வர முடியாமல் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்யாணத்தைப் பதிவு செய்த அம்மாள் இவர்களெல்லாம் யார் என்று கேட்க, இவன் கழுத்தை நெரிக்கிற டையோடு முன்னால் வந்து நின்று, நான் பொண்ணோட அண்ணன் என்று சொல்கிறான், அதுவும் அதில் இருக்கிறது. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு மாத்திரையை நான் தினமும் பார்க்கிறேன், ஒன்று சளிக்கு, ஒன்று சர்க்கரைக்கு. நமக்குத் தெரியும், தெரியாதவர் கையில் கொடுத்தால் ஆபத்துதான். நம் வீட்டு அண்ணன் என்ற வார்த்தை அந்த அதிகாரி கையில் என்னவாக மாறுமோ.

அதனால் முதல் வேலையாக மாப்பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடு. பெரியம்மா என்றால் அம்மாவுக்கு அக்கா, அவர் மகனை நாங்கள் அண்ணன் என்போம், சட்டப்படி கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. இதை இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லுங்கள், மறைக்கவும் வேண்டாம், நீட்டி முழக்கவும் வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். உனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும், டாக்டர் ஊசியை எடுத்தாலே பல்லைக் காட்டுகிறவள் நீ, அங்கே போய்ச் சிரித்து வைக்காதே.

இதெல்லாம் எழுதிவிட்டேன், இன்னொன்றுதான் எழுத வரவில்லை. விண்ணப்பத்தில் இல்லை என்று போட்டது உன் அண்ணனுக்குத் தெரியாது. தினமும் வேலை முடிந்து கிரீஸ் கையோடு கடைக்கு வந்து, சித்தி, அவங்க என்னைப் பத்திக் கேட்டா என் நம்பரைக் குடுக்கச் சொல்லுங்க, நானே பேசுறேன் என்கிறான். செவ்வாய்க்கிழமை லீவு கூடச் சொல்லிவிட்டான், லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் சிக்னல் கிடைக்காதாம். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் எனக்குத் தங்கச்சி என்று சொன்னவனிடம், நீ அந்தக் கணக்கில் வரமாட்டாயப்பா என்று நான் எப்படிச் சொல்வேன். எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பத் தெரியாது, அதையும் அவன்தான் செய்ய வேண்டும். எடுக்கும்போது படிப்பான். படிக்கட்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தனித்தனி அறைக்குள் போகிற நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வெளியே வர வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், வேறொன்றும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அன்று வெறும் வயிற்றோடு போகாதே. பாத்திரம் கழுவும்போது மோதிரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறாய், ஞாபகமாகப் போட்டுக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் சாதா அம்மா

பாப்பா, நான்தான். சித்தி பேனாவுல எழுதுறேன். எல்லாப் பக்கமும் படிச்சிட்டேன். சித்தி முகத்தைத் திருப்பிக்கிட்டு மருந்து அடுக்குறாங்க, அடுக்கினதையே மறுபடி அடுக்குறாங்க. நீ கவலைப்படாதே. கூடப் பிறந்தவங்க யாரும் இல்லைன்னு தைரியமாச் சொல்லு, சிரிக்காமச் சொல்லு. லீவு லீவுதான். வெளிய வந்ததும் முதல் போன் எனக்கு.
கூடப் பிறக்காத அண்ணன்