பதினாலாம் அறையில் ஆனர்ஸ்

11 ஜூலை 2025, வெள்ளி

ஆனர்ஸ் பொறுப்பு எனக்கு. நானேதான் கையைத் தூக்கினேன். மீட்டிங்கில் மற்ற எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளி மதியம் கூடுதல் வகுப்பு, மூன்று வருடத்துக்கு மேல் நான்காவதாக ஓர் ஆராய்ச்சி வருடம். ஆகஸ்ட் முடிவதற்குள் பத்துப் பேர் சேராவிட்டால் வேதியியலுக்கு ஆனர்ஸ் கிடையாது என்று பிரின்சிபல் மேடம் சொல்லிவிட்டார்.

ஏன் தூக்கினேன்? மாணவர் நலன் என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம். இங்கே எதற்குப் பொய்? பையன் படிப்புக்காக காயத்ரியும் அவனும் சென்னை போனதிலிருந்து, கடலூரில் சீக்கிரம் பஸ் ஏறி சிதம்பரம் வீட்டுக்கு வந்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

18 ஜூலை

பதினாலாம் அறை கொடுத்திருக்கிறார்கள். மதியத்தில் காலி, நல்ல காற்று. பதினோரு பேர் வந்தார்கள். சிதம்பரத்தில் தாங்குகிற ஜன்னல் கம்பி தேவனாம்பட்டினத்தில் ஏன் சீக்கிரம் உதிர்கிறது என்று கேட்டேன். "உப்புக்காத்து சார்" என்று முடித்துவிட்டார்கள். உப்பு என்ன செய்கிறது என்றேன். சிந்துஜா என்ற பெண் மட்டும் ஏதோ சொல்ல வந்தாள், ஜன்னல் வழியாக யாரையோ பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில், சிப்காட்டில் ஷிப்ட் முடிந்த கூட்டம் ஏறியது. சிதம்பரம் வரை நின்றுகொண்டே வந்தேன். பரவாயில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

25 ஜூலை

நான்கு பேர். சிந்துஜா வரவில்லை.

1 ஆகஸ்ட்

இரண்டு பேர். போஸ்டர் ஒட்டினேன், வாட்ஸ்அப்பில் போட்டேன், மூன்றாமாண்டு வகுப்பில் தொண்டை வறளப் பேசினேன். கடைசி பெஞ்சில் ஒருவன், "இன்டர்னல் மார்க் உண்டா சார்?" என்றான். இல்லை என்றேன். அவ்வளவுதான்.

ஆனால் வந்த இருவரில் ஒருவன் புதியவன். சிலம்பரசன், தேவனாம்பட்டினம். "எங்க வூட்ல மழை படுற கம்பி நல்லாத்தான் சார் இருக்குது. சன்ஷேடுக்கு உள்ளாற இருக்குறதுலதான் துரு ஜாஸ்தி. மழை உப்பக் கழுவிடுதோ?" இப்படி ஒரு கேள்விக்குத்தான் இந்த வகுப்பே. ஆணிகளைச் சணலில் கட்டி, பாதியை மழையிலும் பாதியை சன்ஷேடுக்குக் கீழேயும் தொங்கவிடச் சொன்னேன். பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன் போல, பக்கத்து ஆள் ஒரு மாதிரி பார்த்தார்.

8 ஆகஸ்ட்

சிலம்பரசனிடம் விண்ணப்பம் கொடுத்தேன். விழித்தான்.

"இது அரியர் கோச்சிங் இல்லியா சார்? இது அரியர் ரூமாச்சே."

அவனுக்கு பிசிகல் கெமிஸ்ட்ரியில் அரியர். அரியர் இருந்தால் ஆனர்ஸ் கிடையாது. எனக்குக் கிடைத்த ஒரே ஆளும் தப்பான வகுப்புக்கு வந்தவன்.

சிந்துஜாவை வராந்தாவில் பிடித்துக் கேட்டேன். "அந்த ரூம்ல பாத்துட்டு வேன் ஓட்டுற அண்ணன் வூட்ல சொல்லிட்டாரு சார். எத்தினி அரியர்னு மாமா கேக்குறாரு. நாலாவது வருசம்னு வேற சொன்னா பெயிலுன்னே முடிவு பண்ணிடுவாங்க."

சீனியர் லோகநாயகி மேடத்திடம் சொன்னேன். "தெரிஞ்சுதான் அந்த ரூம வாங்குனீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் யாரும் சொல்லல. சொல்ற அளவுக்கு யார்கிட்ட நான் பழகியிருக்கேன்? மணி அடிச்சா பஸ்ஸுக்கு ஓடறவன்தானே.

14 ஆகஸ்ட்

பிரின்சிபல் மேடத்திடம் செமினார் ஹாலைக் கேட்டு வாங்கினேன். வாசலில் பேனர். வீட்டுப் பெரியவர்களுக்கும் அழைப்பு. நல்ல மார்க் எடுத்தவர்களுக்குத்தான் இந்த நான்காம் வருடம் என்று மைக்கில் சொல்லப்போகிறேன்.

22 ஆகஸ்ட்

பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள்! சிந்துஜாவின் மாமா பேனருக்கு முன்னால் அவளை நிறுத்திப் போட்டோ எடுத்தார். வேன் அண்ணனே வந்து எட்டிப் பார்த்தார். சிலம்பரசன் கதவோரம் நின்றான், உள்ளே வரவில்லை. கூட்டத்தில் அவனிடம் பேச மறந்துவிட்டேன்.

இரவு காயத்ரிக்குப் போன் செய்து சொன்னேன். "நல்லது. சாப்ட்டாச்சா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

29 ஆகஸ்ட்

பிரின்சிபல் மேடம் கூப்பிட்டார். ஆனர்ஸ் இப்போது பெரிதாகிவிட்டதாம், சீனியர் பார்ப்பதுதான் முறையாம். அடுத்த வாரத்திலிருந்து லோகநாயகி. "நீங்க அரியர் கோச்சிங் எடுத்துக்குங்க சார். அந்த ரூம் உங்களுக்குப் பழக்கம்தானே?"

சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரின்னு ஏன் சொன்னேன்? லோகநாயகி நன்றாகப் பாடம் எடுப்பவர், குறை சொல்லக்கூட வழியில்லை. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

12 செப்டம்பர்

பதினாலாம் அறை. மூன்று பேர். சிலம்பரசன் சணலோடு ஆணிகளைக் கொண்டுவந்திருந்தான். "நீங்க கேப்பீங்கன்னு வச்சிருந்தேன் சார்." மழையில் தொங்கியவற்றில் துரு லேசாகத்தான். சன்ஷேடுக்குக் கீழே இருந்தவை கை வைத்தால் செதிலாக உதிர்ந்தன. பாடத்தை அங்கிருந்தே ஆரம்பித்தேன்.

முடிகிற நேரத்தில் சிந்துஜா கதவருகே நின்றாள். செமினார் ஹாலில் ஆனர்ஸ் முடிந்து வந்திருக்கிறாள்.

"ஆணி கட்டித் தொங்கவுட்டதா சொன்னாங்களே, என்னாச்சு சார்? நானும் உக்காரவா?"

"வேன் போயிடுமேம்மா."

"வேன் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன் சார், பதினாலாம் ரூம்ல இருப்பேன்னு."

சிலம்பரசன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். ஆணிகளை மறுபடி முதலிலிருந்து பரப்பினோம்.