வளைவைக் கண்டவள்

மார்ச் 4

என் செல்ல வாலுவுக்கு,

நலமா? ஆறு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஆபீஸ் மெயிலை விசாரணைக் குழு படிக்கிறது, அதனால்தான் பேனாவும் காகிதமும். ஆமாம், விசாரணை. என் மேல்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த கட்டுரை நினைவிருக்கும். குட்டைச் சேற்றில் வாழும் ஊதா பாக்டீரியாவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கிற ஆரஞ்சு நிறமி, எல்லாரும் நினைத்த மாதிரி நேர்க்குச்சியாக இல்லை, நடுவில் வளைந்திருக்கிறது என்று எழுதினோமே, அதுதான். மூன்று ஆய்வுக்கூடங்களில் திரும்பச் செய்து பார்த்துவிட்டார்கள். மூன்றிலும் நேராகத்தான் இருக்கிறதாம். வளைவுக்கு அடையாளமாக நிறமாலை வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மேடு விழ வேண்டும் அல்லவா, அது யாருக்கும் விழவில்லை. நான் கதை கட்டிவிட்டேன் என்கிறார்கள். வேலை போய்விடும்டி.

நீ எப்படிச் செய்தாய்? ஒன்று விடாமல் எழுது. உன் கைக்கு ஒரு ராசி உண்டு என்று நான் எப்போதும் சொல்வேனே!

பாசத்துடன்,
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இப்போது குடிதண்ணீரைப் பரிசோதிக்கிற வேலை. குளோரின் கூடினால் எழுதி வைக்கிறேன், குறைந்தால் எழுதி வைக்கிறேன். என் நோட்டை எடுத்து யாரும் அவர்கள் பெயரில் அச்சடிப்பதில்லை. நிம்மதியாக இருக்கிறேன்.

"எழுதினோமே" என்கிறாய். நாமா எழுதினோம்? கட்டுரையின் தலையில் உன் பெயர் மட்டும் இருந்தது. கடைசி வரியில், பொடி எழுத்தில், "கண்ணாடிக் குழாய்களைக் கழுவி உதவிய என் தங்கைக்கு நன்றி" என்று போட்டிருந்தாய். பெயர்கூடக் கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு என்ன சொன்னாய்? "நமக்குள்ள என்னடி, உன் பேரு என் பேருன்னு?" அந்த ஒரு வாக்கியத்தை நாலு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். இன்னும் கசக்கிறது.

சரி, கேட்டுவிட்டாய், தருகிறேன். செல்களை ஐஸில் வைத்தே உடை. வேகமாகச் சுழற்றி, அடியில் தங்குகிற வண்டலை எடு. அசிட்டோனைக் குளிர வைத்து ஊற்று. குழாயில் நைட்ரஜனை நிரப்பி மூடு, காற்றுப் படவே கூடாது. நிறமியைப் பிரித்த ஐந்து நிமிஷத்துக்குள் நிறமாலை எடுத்துவிடு. நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

குழாய்களை நன்றாகக் கழுவு.

தங்கை


ஏப்ரல் 2

வாலு,

நீ சொன்னபடியே செய்தேன். யாரையும் கிட்டே சேர்க்காமல், என் கையாலேயே, ஒன்பது தடவை. புது ஆய்வுக்கூடத்தில் பட்டப்பகல் மாதிரி விளக்கு. கீழே ஊசி விழுந்தால்கூடப் பொறுக்கிவிடலாம், அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மேடு இல்லை.

எதையோ மறைக்கிறாய். சின்ன வயசிலிருந்தே நீ இப்படித்தான், வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பாய். நேற்று அம்மாவிடம் சொல்லி அழுதேன். "ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதானா?" என்று கேட்டாள். உன்னையும் சேர்த்துத்தான் கேட்டாள்.

மே மாதத்துக்குள் குழுவுக்குப் பதில் கொடுக்க வேண்டும். நீ வாயைத் திறக்காவிட்டால் நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன், வேலை முழுக்கச் செய்தது நீதான் என்று. அப்புறம் பொய்க்காரி என்ற பட்டம் எனக்கில்லை, உனக்கு. யோசித்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

சொல்லேன்! யார் கையைப் பிடித்தார்கள்?

ஆனால் ஜாடைமாடையாகச் சொல்லாதே. எழுதிக் கொடு, கையெழுத்துப் போடு, தேதி போடு. அந்தத் தைரியமாவது உனக்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

தங்கை


மே 6

தங்கச்சிக்கு,

கொடுத்துவிட்டேன். நீயே கேட்டு வாங்கிக்கொண்டதுதான், என்னைக் குறை சொல்லாதே. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். என் வாக்குமூலம் இந்த மாதப் பத்திரிகையில் அச்சாகிறது. நகல் வைத்திருக்கிறேன், நீயே படித்துக்கொள்: "அத்தனை சோதனைகளையும் ஓர் அறையில் தனியாகச் செய்தவர் என் தங்கை. வளைவு என்ற முடிவும் அவருடையதே. நான் ஒருமுறைகூட அந்த அறைக்குள் சென்றதில்லை. அவரை நம்பியது மட்டுமே என் தவறு."

குழுவில் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். கண்டித்து ஒரு கடிதம் தருவார்கள், வேலை தப்பித்தது. குளோரின் அளக்கிற உனக்கு இதனால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. அம்மாவுக்காவது போன் செய்.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

உன் வாக்குமூலம் அச்சில் வந்த அன்றைக்கே அந்த மூன்று ஆய்வுக்கூடங்களுக்கும் எழுதினேன். ஒரே வரிதான்: விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

அந்த நிறமி புரதத்தின் பிடிக்குள் இருக்கிற வரைக்கும்தான் வளைந்திருக்கும். வெளியே எடுத்தபின் வெளிச்சம் பட்டால் போச்சு, நிமிர்ந்துவிடும். நீ ஒன்பது தடவை உட்கார்ந்து அதை நிமிர்த்திக்கொண்டிருந்தாய். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நீ எனக்கு ஒதுக்கின சரக்கறையில் டியூப்லைட் எரியாது. மாற்றித் தரச் சொல்லி மூன்று தடவை கேட்டேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றாய். முதல் மேடு அந்த இருட்டில்தான் விழுந்தது. பிறகு நானே ஒரு லைட் வாங்கி மாட்டினேன், மேடு காணாமல் போயிற்று. திரும்ப அணைத்தேன், வந்தது. இதை மட்டும் நோட்டில் எழுதவில்லை, உன்னிடம் நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். அந்தப் பக்கம் நீ ஒருநாள் எட்டிப் பார்த்திருந்தால், "ஏன்டி இருட்டுல உக்காந்திருக்கே?" என்று கேட்டிருப்பாய். நானும் உளறிக் கொட்டியிருப்பேன்.

மூன்றில் இரண்டு இடத்தில் மேடு விழுந்துவிட்டது. மூன்றாவது இடத்தில் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

சந்தோஷமா என்றால், ஆமாம். வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருக்கிறேன். அம்மாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன், அவள் போனை வைத்துவிட்டாள். ஆனால் ஒன்று. உன் கடிதம் ஒவ்வொன்றிலும் "தப்புப் பண்ணிட்டேன்டி" என்று எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். திருப்பித் திருப்பித் தேடினேன். இருந்திருந்தால் மார்ச்சிலேயே சொல்லியிருப்பேன், சத்தியமாக.

நேற்று பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். கட்டுரையைப் புதிதாக வெளியிடுகிறார்களாம், என் பெயரில். "உங்க அக்கா பேரையும் சேத்துக்கலாமா? ஆயிரம் இருந்தாலும் அவங்க ஆய்வுக்கூடம்தானே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நல்ல மனுஷர். இருங்கள் என்று சொல்லி, நீ அனுப்பின நகலை எடுத்து, அதில் ஒரு வரியைப் படித்துக் காட்டினேன். "நான் ஒருமுறைகூட அந்த அறைக்குள் சென்றதில்லை."

சரிம்மா, அப்ப வேண்டாம் என்றார்.

தங்கை