பில்லிங்ஸுக்குப் போக வெர்னா மறுத்தது

மொன்டானா, ஜனவரி

அன்பு மகள் ஸோல்வேக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், ஆக்லாந்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். அப்பாவுக்கு முழங்கால் வலி விடவில்லை, மாடுகளுக்கு வைக்கோல் போட நீங்கள் போக வேண்டாம் என்றால் கேட்கிறாரா. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன் கண்ணு, உன் பள்ளி பஸ் ஓட்டிய வெர்னா போன வாரம் இறந்துபோனாள்.

கல்லீரல் கெட்டு அவள் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது உனக்குத் தெரியும். ஸ்கேனில் பார்த்தபடி ஊசி இறக்கி அதை வடித்தது நான்தான், பெயருக்கு ஸ்கேன் டாக்டரின் உதவியாளர், பக்கத்து அறையில் டாக்டர் வைஸ்காஃப் இருப்பார், அவ்வளவுதான். கோடையில் அவர் ஓய்வு பெற்றார், இந்த ஊருக்கு வேறு யாரும் வரவில்லை, இப்போது எங்கோ நகரத்தில் ஒருவர் திரையில் படங்களைப் பார்க்கிறார். மேற்பார்வைக்கு டாக்டர் பக்கத்தில் இல்லாமல் நான் ஊசியைத் தொட்டால் என் உரிமம் போகும், முதியோருக்கான அரசுக் காப்பீடும் ஆஸ்பத்திரிக்குக் காசு தராது. நிர்வாகி கார்வின் கூப்பிட்டு, "அர்லிஸ், உன் வேலைய நான் குறை சொல்லல. உன் பேர்ல பில் போட வழியில்ல, நான் என்ன பண்ணட்டும்" என்றார். பழையபடி எக்ஸ்ரே எடுக்கப் போனேன்.

அதிலிருந்து நீரை வடிக்க வெர்னா தூரத்து பில்லிங்ஸ் நகரத்துக்குப் போக வேண்டியதாயிற்று, பனியில் அவள் கணவர் ஆர்வில் ஓட்ட, வீங்கிய வயிற்றோடு இவள் பின் சீட்டில் படுத்தபடி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் இனிப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆர்வில் கெஞ்சிப் பார்த்தார், நானும்தான். சூப் கொண்டுபோன அன்று மூச்சு வாங்கிக்கொண்டே, "நீயே குத்தி விட்ருடி, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். வீட்டில் வைத்துக் குத்தி ரத்தம் கசிந்தால் உன்னை எப்படிக் காப்பாற்றுவேன், முடியாது வெர்னா என்றேன். "சும்மா கேட்டேன், உன் மூஞ்சியப் பாரு" என்று சிரித்தாள். வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன். போன வாரம் சோபாவில் சாய்ந்தபடியே அவள் மூச்சு நின்றிருக்கிறது, ஆர்வில் காப்பியோடு வந்து பார்த்திருக்கிறார்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிளாரன்ஸ் டால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு நுரையீரலைச் சுற்றி நீர், அவருடையதையும் நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். "ஏம்மா, உன்ன ஊசியத்தான தொடக்கூடாதுன்னாங்க, ஸ்டியரிங்கத் தொடலாமில்ல?" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன், சாலையில் பனி விலக்கியிருந்தால் விடியும்போது நானும் அவரும் பில்லிங்ஸுக்குக் கிளம்புவோம்.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. ஆர்விலுக்குப் போன் போடு, எடுக்காவிட்டால் மறுபடியும் போடு.

உன் அம்மா,
அர்லிஸ்