மூன்று தடவை ‘இயல்பு’

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தான். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாதே!

பன்னிரண்டு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்தவள் நான். என் நோயாளிகள் வாய் திறந்ததே இல்லை. இந்தக் கிராமத்துக் கிளினிக்கில் வாயை மூடுவதே இல்லை. ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு. அதில் ஒன்பது நிமிடம் மருமகளும் மழையும். எழுந்து கதவுவரை போன பிறகுதான், “அப்புறம் டாக்டர், நெஞ்சுல ஒரு மாதிரியா இருக்கு” என்கிறார்கள்.

இன்றைக்கு ஒரு பாட்டியம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, “டாக்டர் இல்லையா?” என்றார். “நான்தான் டாக்டர்” என்றேன். “அது சரிம்மா, டாக்டர் எப்ப வருவார்?”

எனக்குப் பயிற்சி கொடுக்கும் பெரிய டாக்டர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். நான் எழுதும் குறிப்புகளைச் சாயங்காலம் வரி வரியாகப் படிக்கிறார். முப்பத்தொன்பது வயதில் எனக்கு வீட்டுப்பாடம் திருத்துகிறார்கள்! ஜூன் கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டால் நான் முழுக் குடும்ப மருத்துவர். அப்புறம் நம் வீட்டுப் பக்கத்திலேயே வேலை பார்க்கலாம்.

குட்டிக்கு முத்தம். இருமல் நின்றதா?

உங்கள்
மனைவி

மார்ச் 15

என் அன்பு டாக்டருக்கு,

இருமல் நின்றுவிட்டது. பின்னல்தான் பெரும் பிரச்சினை. நானும் தினம் போட்டுவிடுகிறேன், பள்ளிக்கூட வாசலுக்குப் போவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது. “அம்மா போட்டா இழுக்காது”, இதைத் தினமும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஒரு செய்தி. ஆபீசில் புதுப் பாலத்தின் வரைபட வேலை முழுவதையும் என்னிடம் கொடுக்கிறார்கள். ஜூலையிலிருந்து மாதத்தில் பாதி நாள் அங்கேயே தங்க வேண்டும். பதினைந்து வருடமாகப் படிக்கட்டும் கழிவறையும் வரைந்தவனுக்கு ஒரு பாலம்! நீதான் அதற்குள் வந்துவிடுவாயே என்று சரி சொல்லிவிட்டேன்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொள். அந்த மனிதர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வா.

உன்
ஆள்

ஏப்ரல் 26

அன்புள்ள உங்களுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

இங்கே பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஒருவர், அறுபது வயது. முதுகுவலி என்று ஒரு மாதத்தில் மூன்று தடவை என்னிடம் வந்தார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? மாத்திரை கொடுத்தேன். நான்காவது தடவை நான் விடுப்பில் இருந்தேன். பெரிய டாக்டர் பார்த்திருக்கிறார். வயிற்றில் கை வைத்ததும் உள்ளே துடிக்கிற கட்டி. வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. ஆம்புலன்சில் அனுப்பி, அன்றைக்கே ஆபரேஷன். பிழைத்துவிட்டார்.

பிழைத்துவிட்டார், இல்லையா? அதோடு விட வேண்டியதுதானே! என்னைக் கூப்பிட்டு, “இன்னும் ஆறு மாசம் இங்கயே இருங்க. இப்ப என்னால கையெழுத்துப் போட முடியாது” என்கிறார். முதுகுவலிக்கு ஆயிரம் காரணம் உண்டு. தன் கண்ணில் பட்டுவிட்டதாம், அதனால் நான் லாயக்கில்லாதவளாம்.

பயிற்சிக் குழுவுக்குப் புகார் எழுதப்போகிறேன். உங்களுக்குத்தான் இதெல்லாம் கோர்வையாக எழுத வரும். என் குறிப்புகளின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்களே எழுதி அனுப்புங்கள். உங்கள் பாலத்தை நான் மறக்கவில்லை.

மனைவி

மே 3

அன்பு மனைவிக்கு,

எனக்கும் ரத்தம் கொதிக்கிறது. ராத்திரியெல்லாம் மனதுக்குள் அந்த ஆளோடு சண்டை போட்டேன். புகாரை நான்கு பக்கத்துக்கு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சுளீரென்று இருக்கும்.

மூன்றாவது பத்தியில் மட்டும் ஓர் இடம் விட்டிருக்கிறேன். நீ அனுப்பிய குறிப்பு நகல்களில் மூன்று தேதியிலும் ‘வயிறு: பரிசோதித்தேன், இயல்பு’ என்று இருக்கிறது. நமக்கு அதுதான் பெரிய பலம். அவரைப் படுக்கவைத்துப் பார்த்தபோது கைக்கு என்ன தெரிந்தது, அவர் என்ன சொன்னார் என்று உன் வார்த்தையிலேயே இரண்டு வரி எழுதிச் சேர்த்துவிடு. சாட்சியாக நானும் கையெழுத்துப் போடத் தயார்.

உன்
ஆள்

மே 19

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் விட்டிருந்த இடத்தை நிரப்ப இரண்டு வாரம் முயன்றேன்.

நான் அவரைப் படுக்கவைக்கவே இல்லை. மூன்று தடவையும். கனமான பூட்ஸ் போட்டிருந்தார். அதைக் கழற்றி, படுத்து, எழுந்து, மறுபடி மாட்டுவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். வெளியே பதினோரு பேர். ‘இயல்பு’ என்று எழுத ஒரு விநாடி போதும். பெரிய டாக்டர் என்னிடம் கேட்டது நோயைப் பற்றி இல்லை. “பார்த்தீங்களா, பார்க்கலையா?” அவ்வளவுதான். பார்த்தேன் என்று அவரிடம் சொன்னேன். நேரடியாகச் சொல்லாமல் உங்களிடமும் அதையேதான் சொன்னேன்.

போன வியாழக்கிழமை அவரிடம் உண்மையைச் சொன்னேன். ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொண்டேன். பிறகு டிரைவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். “பூட்ஸைக் கழட்டச் சொல்லியிருந்தா கழட்டியிருப்பேனே டாக்டர்” என்றார், அவ்வளவு சாதாரணமாக. அவர் மனைவிதான் வாசல்வரை வந்து, “உண்மையைச் சொன்னதுக்கு நன்றிம்மா. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க” என்று கதவைச் சாத்தினார்.

உங்கள் பாலம் என்னால் போகிறது. மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. ஜூன் இரண்டாவது சனிக்கிழமை விடுப்பு இருக்கிறது. வரட்டுமா என்று கேட்டுத்தான் வர வேண்டும் போலிருக்கிறது. கேட்கிறேன்.

உங்கள்
மனைவி

மே 27

அன்புள்ள உனக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். புகாரின் நகலையும் அதோடு சேர்த்துக் கிழித்துப் போட்டேன்.

பாலத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வலிக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட அதிகம் வலிப்பது இன்னொன்று. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அந்தப் பொய்க்குக் கீழே நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாய். இது சீக்கிரம் ஆறாது.

ஆனால் அந்த டிரைவர் வீட்டு வாசலில் நீ தனியாக நின்றதை நினைத்தால், கோபத்தைத் தொடர்ந்து பிடித்து வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. என்னால் போயிருக்க முடியுமா? தெரியவில்லை.

குட்டியிடம் அம்மாவுக்கு இன்னும் ஆறு மாதம் ஆகும் என்றேன். “அப்பா, அப்ப நீங்க பின்னல் ஒழுங்காக் கத்துக்கங்க” என்றாள். சீப்பை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

அந்தச் சனிக்கிழமை வா. கேட்டுக்கொண்டெல்லாம் வர வேண்டாம், இது உன் வீடு. முதலில் சண்டை போடுவோம், நன்றாகவே போடுவோம். அப்புறம் சேர்ந்து சாப்பிடலாம்.

உன்
ஆள்